குமரி மாவட்டத்தில் இலை கொட்டிய மரங்களைக் கருப்பு வெள்ளையில் எடுப்பது எப்படி?

குலசேகரத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: “பனி நாடுகளில் மொட்டை மரங்களைக் கருப்பு வெள்ளையில் எடுத்த படங்களைப் பார்த்து ஆசை வந்துவிட்டது. நம்ம ஊரில் குளிர்காலமே கிடையாதே, இருந்தாலும் பார்ப்போம் என்று போன மாசிக் கடைசியில் வீட்டுப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நூறு படம் எடுத்தேன். எல்லாமே சாம்பலைக் கரைத்து ஊற்றிய மாதிரி இருக்கிறது. கேமராவை மாற்ற வேண்டுமா?”

கேமராவை மாற்ற வேண்டாம் தம்பி. மாதத்தை மாற்றுங்கள். அப்புறம் நிற்கிற இடத்தை மாற்றுங்கள்.

முதலில் மாதம். நமக்குக் குளிர்காலம் இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்வதில்லை. கம்பளி போர்த்துகிற குளிர் இல்லை, சரி. ஆனால் மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்று ஆண்டில் நான்கு மாதத்தைப் பனிக்கே எழுதி வைத்த மொழி நம்முடையது. அந்தப் பனி புல்நுனியில் நிற்கிற ஈரம், வயலுக்கு மேல் காலையில் தொங்குகிற மூட்டம். படம் எடுக்கிறவனுக்கு அது போதும்.

அதைவிடப் பெரிய கொடை ரப்பர். அமேசான் காட்டிலிருந்து வந்த இந்த மரம், மழை ஓய்ந்து வறட்சி தொடங்கியதும் இலையை மொத்தமாகக் கொட்டிவிடும். மார்கழிக் கடைசியில் இலை மஞ்சளித்து, செம்பு நிறமாகி, தையில் தோட்டமே எலும்பாக நிற்கும். கீழே கால் வைத்தால் சருகு அப்பளம் போல நொறுங்கும். அந்த நிலை நீடிப்பது சில வாரங்கள்தான். பிறகு தளிர் வந்துவிடும். நீங்கள் போன மாசிக் கடைசியில் பெரும்பாலும் தளிர் வந்திருக்கும். ரப்பர் தளிர் முதலில் செம்பழுப்பாகத் துவண்டு கீழே தொங்கும். கண்ணுக்கு அழகுதான். கருப்பு வெள்ளையில் அது கிளையின் கோட்டை மறைக்கிற சாம்பல் அழுக்கு, வேறொன்றுமில்லை.

இன்னொரு விஷயம். தோட்டங்களில் நிற்பவை பெரும்பாலும் ஒட்டுக் கன்றுகள். ஒரே ரகத்தை ஒரே காலத்தில் நட்டிருந்தால் அந்தத் தோட்டம் ஏறக்குறைய ஒன்றாகவே கொட்டும். வேலிக்கு அந்தப் பக்கம் வேறு ரகம் நின்றால் முன்னே பின்னே ஆகும். அதனால் ஒரு தோட்டத்தில் நாள் தவறிவிட்டது என்றால் வருத்தப்பட வேண்டாம், நாலு தோட்டம் தள்ளிப் போய்ப் பாருங்கள்.

இனி அந்தச் சாம்பல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். தோட்டத்துக்குள் நின்று பார்க்கும்போது உங்கள் கண்ணுக்குச் செம்புச் சருகு தெரிகிறது, ஊடே முளைத்த செடியின் பச்சை தெரிகிறது, பட்டையின் பழுப்பு தெரிகிறது. மூன்றும் வேறு வேறு நிறம். ஆனால் வெளிச்சத்தின் அளவில் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. நிறத்தை எடுத்துவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மரத்தைத் தரையிலிருந்து பிரித்துக் காட்டியது நிறம்தான், அதை நீங்களே கழற்றி எறிந்துவிட்டீர்கள். படத்தில் மரம் இருக்கிறது, தெரியவில்லை.

மைக்கேல் கென்னா என்ற புகைப்படக்காரர் ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் எடுத்த பனி மரங்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பனி செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான்: மரத்துக்குப் பின்னால் வெள்ளைத் தாளை விரித்து வைக்கிறது. மரம் தானாக எழுத்து மாதிரி நிற்கிறது. நம் ஊரில் அந்தத் தாளை யாரும் விரித்துத் தர மாட்டார்கள், தேடிப் போக வேண்டும். நான் முதல் இரண்டு மூன்று வருடம் அழகான மரத்தைத் தேடி அலைந்தேன். இப்போது பின்னணியைத்தான் தேடுகிறேன். நல்ல பின்னணி கிடைத்துவிட்டால் அதன் முன்னால் சுமாரான மரம் நின்றாலும் போதும்.

முதல் தாள் மூட்டம். மழை நின்று, காற்று அடங்கி, இரவு வானம் தெளிந்திருந்த மறுநாள் காலையில், வயல் இருக்கும் பள்ளத்திலும் பேச்சிப்பாறை, சிற்றாறு அணைகளின் ஓரத்திலும் மூட்டம் நிற்கும். மூட்டம் பின்னால் இருக்கும் மரங்களை ஒவ்வொரு வரிசையாக வெளிறச் செய்துகொண்டே போகும். முன்வரிசை கருப்பு, அடுத்தது அடர் சாம்பல், அதற்கடுத்தது வெளிர் சாம்பல், கடைசியில் வெறும் ஊகம். ரப்பர் தோட்டத்தில் இது இன்னும் விசேஷம், ஏனென்றால் மரங்கள் அளந்து நட்ட வரிசையில் நிற்கின்றன. 85 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட லென்ஸ் போட்டு வரிசைக்குச் சற்றுச் சாய்வாக நின்று பாருங்கள். அகன்ற லென்ஸைத் தோட்டத்துக்குள் கொண்டு போகாதீர்கள். கொஞ்சம் அண்ணாந்தாலே மரமெல்லாம் உள்பக்கம் சாய்ந்து, பந்தலுக்கு நட்ட கம்பு மாதிரி ஆகிவிடும்.

மூட்டத்தில் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. கேமராவின் வெளிச்ச அளவுமானி, பார்க்கிற எதையும் சுமார் 18 சதவீதம் ஒளியைத் திருப்பித் தரும் நடுச் சாம்பலாக்கத்தான் கற்றிருக்கிறது. வெள்ளை மூட்டத்தைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கிக் கையில் கொடுக்கும். உங்கள் நூறு படத்தில் ஏதாவது மூட்டத்தில் எடுத்திருந்தால் பாதி விடை இங்கேயே இருக்கிறது. ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சம் இரட்டிப்பு), சில நேரம் ஒன்றரை ஸ்டாப் கூட்டி வையுங்கள். திரையில் வரும் ஹிஸ்டோகிராம் (இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டுகிற வரைபடம்) வலப்பக்கம் நகர வேண்டும், வலச்சுவரில் போய் முட்டக் கூடாது.

இரண்டாவது தாள் தண்ணீர். விடிகிற நேரத்தில் அசையாத தண்ணீர் வானத்தைவிடக் கொஞ்சம் இருண்ட வெள்ளையாக இருக்கும். அணைக்கரையில் உயரமான இடத்தில் நின்று கீழே பார்த்து எடுத்தால், வானமே இல்லாமல் மரக்கிளை முழுவதும் தண்ணீரின் மேல் விழும். பார்க்கிறவருக்கு அது தண்ணீரா மூட்டமா என்று ஒரு கணம் குழப்பம் வரும். அந்தக் குழப்பம் எனக்குப் பிடிக்கும்.

மூன்றாவது வானம். இதுதான் எளிது, அதனாலேயே அலுத்தும் போகும். நம் மேற்குப் பக்கத் தோட்டங்கள் பலவும் சரிவில் படி வெட்டி நட்டவை. சரிவின் அடியில் நின்று மேலே பார்த்தால் மேட்டு வரிசை வானத்தில் நறுக்கிய மாதிரி தெரியும். கிளையும் கிளையும் ஒன்றன்மேல் ஒன்று விழாத இடம் கிடைக்கும்வரை இரண்டடி இடம், மூன்றடி வலம் என்று நகர்ந்துகொண்டே இருங்கள். நான் ஒரு மரத்துக்கு அரை மணி நேரம் இப்படி நண்டு நடை நடந்திருக்கிறேன். பார்த்த தோட்டக்காரர் ஏதோ தொலைந்துவிட்டது என்று நினைத்துத் தானும் தேட ஆரம்பித்துவிட்டார்.

நாலாவது வெள்ளைத் தாள் இல்லை, கருப்புத் தாள். ரப்பர் பட்டையில் வெண்திட்டாகப் பாசிக்காளான் படர்ந்திருக்கும். பின்னால் நிழலில் கிடக்கும் மலைச்சரிவு, முன்னால் பக்கவாட்டு வெயில் பட்ட மரம் என்று அமைந்துவிட்டால், கருப்பில் வெள்ளையாக மரம் எழும்பி வரும். இதற்கு அளவுமானி எதிர்ப்பக்கம் தவறு செய்யும், இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். முக்கால் ஸ்டாப் குறைத்து வையுங்கள். என்னைக் கேட்டால் நம் ஊருக்கென்று ஒரு கருப்பு வெள்ளை உண்டென்றால் அது இதுதான். பனி நாட்டுப் படத்தை நகல் எடுப்பதைவிட இதில் நேரம் செலவழிப்பேன்.

வெயிலைப் பற்றிப் பேசியதால் ஒரு கணக்கு. குமரி இருப்பது நிலநடுக்கோட்டுக்கு 8 பாகை வடக்கே. சித்திரையை ஒட்டியும் ஆகஸ்டு கடைசியிலும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், மரத்தின் நிழல் மரத்தடியிலேயே சுருண்டு கிடக்கும். ஆனால் டிசம்பர் கடைசியில் நடுப்பகலில்கூட அது 60 பாகைக்குக் கீழேதான், தெற்கே சாய்ந்து நிற்கும். பத்தடி மரத்துக்கு உச்சிப் பொழுதிலும் ஆறடி நிழல் உண்டு. அதாவது ஆண்டில் நாள் முழுக்கப் படம் எடுக்க முடிகிற மாதங்கள் இவைதான். ஜனவரியில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய 6.40-க்கு. அதுவும் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் கிழக்கே மலை மறிப்பதால் வெயில் மரத்தில் விழ இன்னும் நேரமாகும். அந்த இடைவெளியில் நிழலில்லாத மெல்லிய வெளிச்சம் கிடைக்கும். மலையைத் தாண்டி வெயில் எட்டிப் பார்க்கிற முதல் பத்து நிமிடம் தரையில் வரிசை வரிசையாகக் கம்பி நிழல் விழும். அந்தப் பத்து நிமிடத்தில் டீ குடிக்கப் போகக் கூடாது.

லென்ஸின் முன்னால் மாட்டுகிற சிவப்பு வடிகட்டி வாங்கலாமா என்றும் பலர் கேட்பதுண்டு. 1927 ஏப்ரலில் அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் ஹாஃப் டோம் பாறையை எடுத்தபோது, மஞ்சள் வடிகட்டியோடு ஒரு கண்ணாடித் தகட்டை முடித்துவிட்டு, மிஞ்சியிருந்த கடைசித் தகட்டுக்கு அடர் சிவப்பை மாட்டினார். வானம் கருப்பாகி, பாறை எழுந்து நின்றது. சிவப்பு நீலத்தைத் தடுப்பதால் நடக்கிற வேலை அது. ஆகவே நீல வானம் இருந்தால்தான் பயன். மூட்டத்திலும் வெள்ளை மேகத்திலும் சிவப்பு வடிகட்டி மூன்று ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது. பிலிமில் எடுப்பவர் வாங்கலாம். டிஜிட்டல்காரருக்கு நான் வேண்டாம் என்பேன். சென்சாரில் நான்கில் ஒரு புள்ளிதான் சிவப்பைப் பார்க்கிறது, கண்ணாடியில் சிவப்பை மாட்டினால் மற்ற மூன்றும் கிட்டத்தட்டச் சும்மா இருக்கும். நிறத்தோடு ரா கோப்பாக (சென்சார் பார்த்ததை அப்படியே சேமிக்கிற கோப்பு) எடுத்துவிட்டு, கணினியில் மாற்றும்போது நீலத்தைக் குறைத்தால் அதே வானம் வரும்.

அங்கேதான் உங்கள் பழைய நூறு படத்துக்கும் கொஞ்சம் உயிர் இருக்கிறது. ஜேபெக்காக எடுத்து, கேமராவே நிறத்தைக் கழற்றியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ரா கோப்பு இருந்தால் கணினியில் சிவப்பு, ஆரஞ்சு நிறங்களுக்கான ஸ்லைடர்களைக் கூட்டிப் பச்சையைக் குறையுங்கள். செம்புச் சருகு வெளுத்துத் தரை பளிச்சென்றாகும், செடி இருளும், ஒட்டிக்கொண்டவை பிரியும். ரொம்பவும் இழுக்காதீர்கள், வானத்துக்கும் கிளைக்கும் நடுவே வெள்ளைக் கோடு விழுந்து கிளையைக் கத்தரித்து ஒட்டிய மாதிரி ஆகும். ‘தெளிவு’ (கிளாரிட்டி) என்று ஒரு ஸ்லைடர் இருக்குமே, அதைத் தொடவே தொடாதீர்கள். மூட்டத்தைக் கொல்வதற்கு அதைவிட நல்ல ஆயுதம் கிடையாது.

எடுக்கும்போது கேமராத் திரையை மட்டும் கருப்பு வெள்ளைக்கு மாற்றிவையுங்கள். கோப்பு ராவாக இருக்கிறவரை உள்ளே நிறம் பத்திரமாக இருக்கும், உங்கள் கண்ணுக்கு நிறம் இல்லாமல் பார்க்கிற பழக்கம் வரும். போன் வைத்திருப்பவருக்கும் இதே யோசனைதான். கூடவே, இருட்டையும் வெளிச்சத்தையும் சமன்படுத்துகிற எச்.டி.ஆரை அணைத்துவிட வேண்டும். அது நுனிக்கிளைகளைச் சுற்றி ஒளிவட்டம் போட்டு சாமி படம் ஆக்கிவிடும்.

அடுத்தது ரப்பருக்கே உரிய ஒரு அழகு. பால் வெட்டிய பட்டையில் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, 30 பாகை அளவில் சரிகிற கோடு இருக்கும். பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றே சாய்ந்து ஓடுவதால் அந்தத் திசையில் வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபடும், அதனால் எங்கே போனாலும் அதே சரிவு. இலை போன பிறகு நூறு மரத்திலும் நூறு ஒரே சாய்வான கோடுகள், ஒவ்வொன்றின் கீழும் கவிழ்த்து வைத்த சிரட்டை. இதைவிட நல்ல தாளம் எந்த நாட்டு மரத்திலும் கிடையாது. ஒருமுறை அப்படி ஒரு படத்தைப் பெரிதாக அச்சிட்டேன். வலப்பக்கம் கனமாக இருக்கிறதென்று கணினியில் இடவலமாகத் திருப்பிப் போட்டேன். அழகாகத்தான் இருந்தது. டீக்கடையில் காட்டினால், பால் வெட்டுகிற அண்ணாச்சி ஒருவர் கிளாஸைக் கீழே வைக்காமலே சொன்னார்: “படம் கொள்ளாம். ஆனா இந்தத் தோட்டத்துல எல்லா மரத்தையும் தலைகீழா வெட்டிருக்கானே, எவன் அவன்?” அந்த அச்சு இன்னும் பரணில் கிடக்கிறது.

மழைக்காலத்தில் வெட்டுப்பட்டைக்கு மேல் கட்டிய பிளாஸ்டிக் பாவாடை சில தோட்டங்களில் தையிலும் கிழிந்து தொங்கும். வெயில் பட்டால் படத்திலேயே அதுதான் பளிச்சென்று இருக்கும், கண் அங்கே போய் நிற்கும். ஒன்று அதையே படமாக்குங்கள், இல்லையென்றால் வேறு தோட்டம்.

ரப்பரை மட்டும் சொல்லி நிறுத்தினால் மற்ற மரங்கள் கோபித்துக்கொள்ளும். தேக்கு கோடை வரை மொட்டையாக நிற்கும், அவசரமில்லை. ஒதியமரம் தடித்த விரல் மாதிரி கிளையோடு வேலியோரங்களில் நிற்கும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, பாருங்கள். கோயில் முற்றத்திலும் கல்லறைத் தோட்டத்திலும் நிற்கும் ஈழத்தலரி இலை கொட்டினால் கிளை ஒவ்வொன்றும் இரண்டாக, மூன்றாகப் பிரிகிற கணக்கு அப்படியே தெரியும். பின்னால் வெள்ளையடித்த சுவர் இருந்துவிட்டால் மூட்டமே வேண்டாம். வாதுமை மரம் கொட்டுவதற்கு முன் சிவந்து நிற்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது நிறப்படத்துக்கான மரம். கடலோரம் போனால் இலை உதிரும் மரம் குறைவு. ஆனால் மண்டை போன மொட்டைப் பனை உண்டு. அகஸ்தீஸ்வரம் பக்கம் வானத்தில் ஒற்றைக் கோடாக நிற்கும் பனையை எடுக்கத் தெரிந்தால் வேறு எந்த மரத்தையும் எடுக்கலாம். ஏனென்றால் அங்கே கிளை இல்லை, ஒளிந்துகொள்ள இடமில்லை, கோட்டைச் சட்டத்துக்குள் எங்கே வைப்பது என்பது ஒன்றுதான் கேள்வி.

எனக்குப் பிடித்தது இலவு. கிளைகள் அடுக்கடுக்காகத் தரைக்குச் சமமாக நீளும், இலை போன பிறகு காய் மட்டும் தொங்கும். பூதப்பாண்டி போகிற வழியில் வயலோரம் ஒரு இலவு இருந்தது. நாலு வருடம் தையில் போய்ப் பார்ப்பேன். ஒரு வருடம் மூட்டம் இல்லை, ஒரு வருடம் மின்கம்பி குறுக்கே வந்தது, ஒரு வருடம் காய் உதிர்ந்துவிட்டது. சரியான காலை வரும் என்று காத்திருந்தேன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தது. மாவட்டம் முழுக்க ரப்பரும் தென்னையும் வாழையும் சாய்ந்ததில் அதுவும் போயிற்று. நாலு நாள் கழித்துப் போனபோது வேர் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. இலவு காத்த கிளிக்காவது பஞ்சு பறந்தது, எனக்கு அதுவும் இல்லை. அன்றிலிருந்து மூட்டம் இல்லாவிட்டாலும் ஒரு படம் எடுத்துவிட்டுத்தான் வருகிறேன்.

நடைமுறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முக்காலி அவசியம், லென்ஸின் துளை எஃப் 8 போதும், எஃப் 22 வரை மூடினால் நுனிக்கிளை மழுங்கும். காற்று இருந்தால் நுனிக்கிளை ஆடும், ஆரல்வாய்மொழிப் பக்கம் எடுப்பதாக இருந்தால் நொடியில் 250-இல் ஒரு பங்குக்குக் குறையாத வேகம் வையுங்கள். தோட்டத்துக்குள் போகும் முன் உடையவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், அரசுத் தோட்டமென்றால் அனுமதி வாங்குங்கள். கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் காட்டை ஒட்டியிருப்பதால் யானை வரும், விடியுமுன் தனியாகப் போக வேண்டாம். சருகு முழங்கால் தட்டுகிற இடத்தில் பாம்பும் இருக்கும், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் சாலையிலேயே முடித்துவிடுங்கள். தைமாதச் சருகுக்கு ஒரு பொறி போதும்.

வருகிற மார்கழியில், பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டுகிறவரிடம் “எப்போ கொட்டும்?” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, இன்ன வாரம் என்று சொல்லிவிடுவார். அவர் சொன்ன வாரத்தில் நாலு நாள் லீவு போடுங்கள்.